ஆறுதலுக்கு நாற்பது புள்ளி

ஒரு கவிதையைக்கூட வாசிக்காமல் ஆங்கிலக் கவிதையில் பட்டயம் பெறவேண்டும் என்று யாருக்காவது ஆசையிருந்தால் அவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குத்தான் வரவேண்டும். பலாலி வீதியில், சந்தையைத் தாண்டி, கொத்துரொட்டிக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருக்கிறது வடபுல ஆங்கிலக் கவிவடிவ உயர் பயிலகம். அதன் பெயர்ப்பலகை கடையின் பலகையைவிடப் பெரியது. பலகையைப் பார்த்து மேலே ஏறி ரொட்டி கேட்டவர்கள் பலர் உண்டு. கவிதை கேட்டு ஏறியவர்கள், மேலிடத்துச் சுற்றறிக்கை வரும்வரை, ஒருவரும் இல்லை.

சுற்றறிக்கை சொன்னது இதுதான். பாடசாலைகளில் தொண்டர் ஆசிரியர்களாக ஆங்கிலம் படிப்பிக்கிறவர்கள் நிரந்தர நியமனம் பெறவேண்டுமானால் ஆங்கில இலக்கியச் சொற்களிலும் கவிவடிவங்களிலும் பட்டயம் எடுத்திருக்கவேண்டும். நாலாம் வகுப்புப் பிள்ளைக்குப் பூனை, நாய், பசு என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுக்க வில்லனெல் என்கிற பத்தொன்பது வரிப் பாட்டு எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு நியமனக் கடிதம் கையில் இருக்கவேண்டும். அது கையில் வந்துவிட்டால் பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது?

குருநகர் றொசாந்தியும் அப்படித்தான் மேலே ஏறினாள். கடற்கரைப் பாடசாலை ஒன்றில் நாலு வருடமாகத் தொண்டர் ஆசிரியை. தொண்டு என்றால் தொண்டேதான். பெற்றார் சங்கம் கொடுக்கிற கொஞ்சக் காசு பஸ்ஸுக்கே காணாது. அதுவரைக்கும் அவளுக்கு அது பெரிய கவலையாக இருந்ததில்லை. தமையன் ஜெயசுதன் கடல்தொழிலுக்குப் போய் வந்தான், வீட்டில் அடுப்பெரிந்தது. போன வருடம் சோளகக் காற்று கிளம்பியிருந்த நாட்களில் ஒரு விடியற்காலை, கூட வருகிறவனுக்குக் காய்ச்சல் என்று அவன் தனியே வள்ளத்தை எடுத்துக்கொண்டு போனான். சில நாள் கழித்து நெடுந்தீவுக்கு அப்பால் வள்ளத்தைக் கண்டெடுத்தார்கள். இயந்திரம் இருந்தது, வலை இருந்தது, சாப்பாட்டுப் பெட்டி மூடியபடி இருந்தது. அவன் இல்லை.

தாய் செபஸ்தியம்மா கறுப்பு உடுக்கவில்லை. முப்பத்தொராம் நாள் பூசை கேட்கவில்லை. கார்த்திகை மாதம் இறந்தவர்களின் பெயர்களைக் கோயிலில் வாசிப்பதற்காக ஊரெல்லாம் பெயர் கொடுத்தபோது, அவள் தன் புருசனின் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு வந்தாள். பங்குச் சுவாமி வீட்டுக்கு வந்து, மெல்ல, மிக மெல்ல, மகனுக்கும் ஒரு பூசை ஒப்புக்கொடுத்தால் மனத்துக்கு நல்லது என்று சொல்லிப் பார்த்தார். செபஸ்தியம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். பிறகு அவனுடைய பெயரைப் பயணத்தில் இருப்பவர்களுக்கான மன்றாட்டில் சேர்த்துவிடும்படி கேட்டுக்கொண்டாள். சுவாமியாரும் மனிதன்தானே, சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் கனடாவுக்குப் போகிறவர்களோடும் கொழும்புக்குப் போகிறவர்களோடும் ஜெயசுதனும் பயணத்தில் இருந்துகொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமைகளில் அவள் அந்தோனியாரிடம் போனாள். தொலைந்த திறப்பையும் தோட்டையும் தேடித்தருகிறவருக்கு ஓர் ஆளைத் தேடித்தருவது என்ன பெரிய காரியம் என்பது அவளுடைய கணக்கு.

ஆக, வீட்டில் உழைப்பதற்கு இனி றொசாந்திதான். அவளுக்கு நியமனம் வேண்டும். நியமனத்துக்குப் பட்டயம் வேண்டும். பட்டயம் மாடியில் இருந்தது.

பயிலகத்தின் பணிப்பாளர் ஆழ்வாப்பிள்ளை முன்னொரு காலத்தில் எங்கோ அதிகாரியாக இருந்து இளைப்பாறியவர். சித்திரை வெயிலிலும் கழுத்துப்பட்டி கட்டுவார். ஆங்கிலக் கவிதைக்கே ஆயுளை அர்ப்பணித்த அவர் ஆங்கிலத்தில் பேசி ஒருவரும் கேட்டதில்லை. பேசினால் பிழை வரக்கூடும், பிழை வந்தால் பயிலகத்தின் தரம் போய்விடும் என்பது அவர் கொள்கை. ஆகவே மேடைத் தமிழில் பேசுவார். வீட்டில் மனைவியிடம் உப்புக் கேட்பதும் மேடைத் தமிழில்தான் என்று கீழே ரொட்டிக்கடையில் சொல்லிக்கொள்வார்கள்.

முதல் நாள் உரையில் அவர் பயிலகத்தின் தத்துவத்தை விளக்கினார். "கவிதைகளை வாசித்தவர்களுக்கு அபிப்பிராயங்கள் உண்டாகின்றன. அபிப்பிராயம் உள்ளவருக்குப் புள்ளி இடுவது கடினம். எனவே நாம் இங்கே பெயர்களை மட்டும் கற்கிறோம். ஒரு பொருளுக்குப் பெயர் இட்டுவிட்டால் அந்தப் பொருளின் தொல்லை நீங்கிவிடும் என்பது எனது முப்பதாண்டு நிர்வாக அனுபவம்." கவிதைப் புத்தகங்கள் இல்லாமலில்லை. கண்ணாடி அலுமாரி நிறைய அடுக்கியிருந்தன. அலுமாரியின் திறப்பு பணிப்பாளரின் இடுப்பில் இருந்தது.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பார்கள். இங்கே சட்டியே இல்லை, அகப்பைகளைத்தான் அடுக்கி வைத்திருந்தார்கள். சிமிலி, மெற்றபர், ஐறனி, ஒட்சிமோறன், சொனற், ஓட், பலட். றொசாந்தி மனப்பாடம் செய்தாள். பஸ்ஸில் செய்தாள், மீன் வெட்டும்போது செய்தாள், சில வேளை செபமாலையின் நடுவிலும் வாய் தவறி ஒரு ஒட்சிமோறன் வந்து விழுந்தது.

வகுப்பில் யார் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு பெயர் இருந்தது. சாவகச்சேரியிலிருந்து வருகிற பெண் ஒருத்தி, பஸ் நெரிசலில் உயிரே போய்விட்டது, அதுதான் பிந்தினேன் என்றாள். பணிப்பாளர் கரும்பலகையில் ஹைப்பபொலி, அதாவது உயர்வுநவிற்சி, என்று எழுதினார். பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், மூன்று நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை, இன்றைக்கு நேரத்தோடு போகலாமா என்று இன்னொருத்தி கேட்டாள். மூன்று நாள் என்று இரண்டு தரம் சொன்னபடியால் அது றெப்பிற்றிசன் என்று வகுப்பு ஒரே குரலில் விடை சொன்னது. விடை சரி என்று பணிப்பாளர் மகிழ்ந்தார். அவள் நேரத்தோடு போனாளா இல்லையா என்பது பாடத்தில் இல்லாத விசயம்.

சந்தம் படிப்பிப்பதற்குப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆங்கில ஐயாம்பிக் சந்தத்தில் முதல் அசை மெலிவு, அடுத்த அசை வலிவு. அதை வாயால் சொன்னால் மனத்தில் நிற்காது, காலால் நடந்தால்தான் நிற்கும் என்று மேலிடத்து ஆலோசகர் ஒருவர் எழுதியிருந்தாராம். எனவே வளர்ந்த ஆண்களும் பெண்களும் இடக்காலை மெல்ல வைத்து வலக்காலை ஓங்கி வைத்து வேலியோரமாக வரிசையில் நடந்தார்கள். பக்கத்து வளவு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. மேலே வந்தால் கீழே கடையில் ரொட்டி கொத்துகிற சத்தம் சந்தத்தைக் கெடுத்தது. பணிப்பாளர் அந்தச் சத்தத்தை ஆராய்ந்து, அது ட்றோக்கி, அதாவது முதலில் வலிவும் பின் மெலிவும் என்று கண்டுபிடித்தார். முதலில் மெல்லவும் பிறகு ஓங்கியும் கொத்தும்படி கடைக்கு எழுத்தில் வேண்டுகோள் விடுத்தார். கடைக்காரர் அடுத்த நாளிலிருந்து எல்லாவற்றையும் ஓங்கியே கொத்தினார்.

அந்த நடையில் முதலாவதாக வந்தவர் அடைக்கலநாதன். அவரும் தொண்டர் ஆசிரியர்தான், நாற்பது வயதைத் தாண்டியவர், முழங்காலுக்குக் கீழே ஒரு கால் செயற்கைக் கால். பணிப்பாளர் வரிசையை நிறுத்தி, எல்லோரும் அவரைப் பார்க்கவேண்டும் என்றார். "இதோ ஓர் இயற்கையான ஐயாம்பிக். மெலிவு, வலிவு. மெலிவு, வலிவு. எத்தனை துல்லியம்."

"உது மிதிவெடி சேர்," என்றார் அடைக்கலநாதன்.

"காரணம் நமது பாடத்திட்டத்தில் இல்லை," என்றார் பணிப்பாளர். "நாம் வடிவத்தை மட்டுமே பார்க்கிறோம்." அடைக்கலநாதனுக்கு அன்று முழுப்புள்ளி கிடைத்தது. அவர் அதை மறுக்கவும் இல்லை, வாங்கி மகிழவும் இல்லை. றொசாந்தி மட்டும் அதற்குப் பிறகு எந்தக் காலையும் ஓங்கி வைக்காமல் நடந்து, சந்தத்தில் சித்தியடையாமல் போய், மறுபரீட்சை எழுதினாள்.

சொனற்றும் வில்லனெல்லும் ஒருவழியாகக் கழிந்தன. கடைசியாக வந்தது எலிஜி. இறந்தவரை நினைத்துப் பாடுகிற பாட்டு. அதை மாணவர் சொந்தமாக எழுதி ஒப்படைக்கவேண்டும். அதில் சித்தியடையாதவருக்குப் பட்டயம் இல்லை. புள்ளித்திட்டம் சுவரில் ஒட்டப்பட்டது. முதற்பகுதி புலம்பல், முப்பது புள்ளி. இரண்டாம் பகுதி புகழ்ச்சி, முப்பது. மூன்றாம் பகுதி ஆறுதல், நாற்பது.

பணிப்பாளர் இதற்கென்றே தனியாக ஓர் உரை ஆற்றினார். "நமது சனத்தின் பெருங்குறை என்னவென்றால், அழத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. செத்தவீட்டில் அழுகிறோம், எட்டுச் செலவில் அழுகிறோம், ஆண்டுத் திவசத்தில் அழுகிறோம். சிலர் றோட்டோரத்தில் பிள்ளைகளின் படத்தை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் இருக்கிறார்கள். இது வடிவமற்ற அழுகை. ஆங்கிலேயன் மூன்று பகுதியில் அழுது முடித்துவிட்டு வேலைக்குப் போகிறான். ஆகையினால்தான் ஆறுதலுக்கு அதிக புள்ளி. ஆறுதல் அடையாதவரை இந்தப் பயிலகம் சித்தியடைந்தவராகக் கருதாது." நெருங்கிய இரத்த உறவு என்றால் மேலதிகமாக ஐந்து புள்ளி தரப்படும் என்றும் சொன்னார்.

அடைக்கலநாதன் எழுந்து, தனக்கு அப்படிப் பலர் இருக்கிறார்கள் என்றார். ஒரே நாளில் போனவர்கள். எல்லோரையும் ஒன்றாக எழுதலாமா என்று கேட்டார். ஓர் எலிஜிக்கு ஒருவர்தான், ஒருவரைத் தெரிவுசெய்யும் என்று பணிப்பாளர் சொன்னார்.

"அப்ப மற்ற ஆக்கள்?"

"அவர்களை மறுபரீட்சைக்கு வைத்திரும்."

அடைக்கலநாதன் திரும்பக் கதிரையில் இருந்தார். அவர் கடைசியில் தான் வளர்த்த கிளியைப் பற்றி எழுதியதாகவும் மிகக் குறைந்த புள்ளியில் தப்பியதாகவும் பிறகு தெரிந்தது. வகுப்பில் இன்னொருவர் வேள்விக்கு நேர்ந்து வளர்த்த கிடாயைப் பற்றி எழுதினார். மூன்றாம் பகுதியில் கறி மிகவும் ருசியாக இருந்தது என்று எழுதியிருந்தார். ஆறுதல் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது என்று முப்பத்தெட்டுப் புள்ளி வழங்கினார்கள்.

றொசாந்தியிடம் கிளியும் இல்லை, கிடாயும் இல்லை. தகப்பனை எழுதலாம் என்று பார்த்தாள். அவர் அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டவர், முகமே நினைவில்லை. ஒரு ஞாயிறு மத்தியானம் தாளை எடுத்துவைத்துக்கொண்டு இருந்தபோது, அவளைக் கேளாமலே கை தமையனுக்கு எழுதத் தொடங்கிவிட்டது. அண்ணை, காற்று விழுந்துவிட்டது, கரைக்கு வா என்று எழுதினாள். உனக்குப் பிடித்த விளைமீன் இப்போது மலிவு என்று எழுதினாள். தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான், ஆனால் அத்தனை நாளில் அவள் எழுதியவற்றிலே அது ஒன்றுதான் தன்னுடையது போல இருந்தது.

செபஸ்தியம்மா கறிச்சட்டியைத் துடைத்துக்கொண்டே வந்து என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். அண்ணையைப் பற்றி, இங்கிலீசில், பயிலகத்துக்கு என்று சொன்னாள். தாய் அப்படியே பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டாள். அவள் முகம் இப்படித் தெளிந்து றொசாந்தி கண்டு வெகுநாள்.

"நல்ல வேலை செய்தாய் பிள்ளை. தமிழிலை எழுதினால் எங்கடை ஆக்கள்தான் வாசிப்பினம். அவைக்குத் தெரியும்தானே. இங்கிலீசிலை எண்டால் கப்பலிலை போறவை வாசிப்பினம், வெளியூர் ஆக்கள் வாசிப்பினம். ஆரும் கண்டால் சொல்லுவினம்." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "இடப்பக்கப் புருவத்துக்கு மேலை ஒரு வெட்டு இருக்கு எண்டதையும் போடு. அடையாளம் இருந்தால்தான் பிடிக்கலாம்," என்றாள்.

இது அப்படியான எழுத்து இல்லை அம்மா என்று சொல்லியிருக்கவேண்டும். றொசாந்தி தாளைத் திரும்ப இழுத்தாள். புருவத்து வெட்டையும் எழுதினாள்.

ஒப்படைத்த கவிதையைப் பரிசீலிக்க ஒரு குழு இருந்தது. பணிப்பாளர், பொருளாளர், மேலிடத்திலிருந்து வந்த பார்வையாளர். பார்வையாளர் முழு நேரமும் கைத்தொலைபேசியைப் பார்வையிட்டார். பொருளாளர் முதலில், புருவத்துக்கு மேலே வெட்டு எதன் குறியீடு என்று கேட்டார். சின்னனில் வள்ளத்து முன்பக்கம் அடித்தது என்று றொசாந்தி சொன்னாள். அது தேசத்தின் காயமாக இருக்கவேண்டும், எழுதியவருக்கே விளங்கவில்லை என்று மூன்று புள்ளியைக் குறைத்தார்கள். விளைமீனின் விலை கவிதைக்கு ஒவ்வாது என்று இன்னும் இரண்டு. பிறகு பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மூன்றாம் பகுதி எங்கே? ஆறுதலைக் காணவில்லை. இன்னொரு கேள்வி. உமது சகோதரர் இறந்துவிட்டாரா?"

"வரேல்லை சேர்."

"நான் கேட்டது அதுவல்ல."

"தெரியாது சேர். வள்ளம் வந்தது. அவர் வரேல்லை."

பணிப்பாளர் சொற்பட்டியலைப் புரட்டினார். அவர் கெட்ட மனிதர் அல்லர்; உண்மையிலேயே தேடினார். முன்னால் இல்லாதவரை முன்னால் நிற்கிறவர்போலக் கூப்பிடுவது அப்பாஸ்றபி, ஆனால் அது ஓர் அணி மட்டுமே, முழுக் கவிதைக்குக் காணாது. புகழ்ந்து பாடினால் ஓட். ஆடு மேய்த்திருந்தால் பாஸ்றறல் என்று கொள்ளலாம், ஆனால் மீன் பிடித்தவர். கடைசியில் பட்டியலை மூடினார்.

"வராதவருக்கு ஆங்கிலத்தில் வடிவம் இல்லை பிள்ளை. ஒன்றில் அவர் வரவேண்டும், அல்லது இறக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்பதற்குப் பாடத்திட்டம் இடம் தரவில்லை. மாத முடிவுக்குள் திருத்திக் கொண்டுவாரும். அதற்குப் பிறகு நியமனப் பட்டியல் மேலிடத்துக்குப் போய்விடும்."

கீழே இறங்கும்போது றொசாந்திக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. அண்ணைமேல் கோபம். வருகிறதென்றால் வந்து தொலைக்கவேண்டியதுதானே என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றிய உடனே சிலுவை போட்டுக்கொண்டாள். வீட்டில் அரிசிப் பானையின் அடி தெரிந்துகொண்டிருந்தது. தாய் கோயிலுக்குப் பூமாலை கட்டிக் கொடுத்துக் கிடைக்கிறதில் மண்ணெண்ணெய் வாங்கினாள். நியமனத்தை விட்டுவிடு என்று அடுப்பும் சொல்லவில்லை, அந்தோனியாரும் சொல்லவில்லை.

மாத முடிவுக்கு முந்திய ஞாயிறு அவள் மூன்றாம் பகுதியை எழுதினாள். நாலே வரி. கடல் உன்னைத் தாலாட்டுகிறது. நீ நோவில்லாமல் உறங்குகிறாய். அம்மா உன்னைக் கடவுளிடம் கொடுத்துவிட்டாள். நாங்கள் ஆறிவிட்டோம். நாலு வரியும் சந்தம் பிசகாமல் வந்தன, மெலிவு, வலிவு, மெலிவு, வலிவு என்று. இவ்வளவு நாளும் வராத சந்தம் இதற்கு மட்டும் எப்படி வந்தது என்று அவளுக்கே வெறுப்பாக இருந்தது. அடுத்த அறையில் செபஸ்தியம்மா மகனுடைய சேட்டுகளை வெயிலில் போட்டு எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள், பூஞ்சணம் பிடிக்கக்கூடாதென்று. எழுதி முடித்ததும் றொசாந்தி கிணற்றடிக்குப் போய்த் தண்ணிக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் நன்றாக அழுதாள். அண்ணை கடலில் போனது போன வருடம். அவனைத் தன் கையாலேயே தண்ணிக்குள் தாழ்த்தியது இன்றைக்கு என்று அவளுக்கு இருந்தது.

குழு ஒருமனதாக மகிழ்ந்தது. ஆறுதலுக்கு நாற்பதுக்கு நாற்பது. நெருங்கிய உறவுக்கு ஐந்து. விடைத்தாளின் ஓரத்தில் பணிப்பாளர் தம் கையால், இழப்பு திருப்திகரமாக முற்றுப்பெற்றுள்ளது என்று எழுதியிருந்தார். அந்த ஆண்டின் சிறந்த எலிஜி அதுதான் என்று அறிவித்தார்கள். அவளுடைய பெயர் நியமனப் பட்டியலில் ஏறியது.

பரிசளிப்பு விழாவுக்குப் பெற்றாரை அழைத்துவரவேண்டும் என்பது பயிலகத்தின் விதி. அம்மாவுக்குச் சுகமில்லை என்று சொல்லித் தப்பலாம் என்று றொசாந்தி நினைத்திருந்தாள். அடுத்த வளவு றஜனி முந்திக்கொண்டாள். ஜெயசுதனைப் பற்றி எழுதியதற்குத்தான் முதல் பரிசாம் என்று அவள் சொல்ல, செபஸ்தியம்மா நல்ல சீலையை எடுத்து உதறினாள். பெரிய ஆக்கள் எல்லாரும் வாசித்துவிட்டார்கள் என்றால் விசயம் எங்கும் போயிருக்கும் என்று சந்தோசப்பட்டாள். பஸ்ஸில் வரும்போது, பத்திரிகைக்காரர் வருவார்களா, அவர்களிடம் அவனுடைய படம் ஒன்று கொடுக்கலாமா என்று கேட்டாள். படம் அவளுடைய கைப்பைக்குள் இருந்தது. றொசாந்தி சொல்லிவிடலாம் என்று இரண்டு மூன்று தரம் வாயெடுத்தாள். கோண்டாவிலுக்குப் போகிற சனம் ஏறி நெருக்கியது, சொல்லமுடியவில்லை. சனம் ஏறாவிட்டாலும் சொல்லியிருக்கமாட்டாள்.

பயிலகத்து மண்டபம் நிறைந்திருந்தது. பரிசு பெறுகிறவர்கள் மேடையில் கதிரைகளில் இருந்தார்கள், பெற்றார் முன்வரிசையில். செபஸ்தியம்மாவுக்குப் பக்கத்தில் அடைக்கலநாதன் இருந்தார். மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை எல்லாம் வழமையான நீளத்தில் நடந்தன. தலைமையுரையில் கவிதை வாசிப்பவர்கள் குறைந்து வருவதையிட்டுப் பணிப்பாளர் கவலை தெரிவித்தார். அலுமாரியின் திறப்பு அவர் இடுப்பில் தொங்கியது.

கடைசியாக எலிஜிப் பரிசை அறிவிக்க அவர் எழுந்தார். அன்றைக்கு அவர் மிகவும் உருக்கமாக இருந்தார், அதில் பொய்யில்லை.

"ஒரு சிறந்த எலிஜிக்கு எழுதுபவரின் திறமை மட்டும் போதாது. தரமான இழப்பு ஒன்றும் தேவை. அத்தகைய இழப்பை எமது பயிலகத்துக்கு வழங்கிய குருநகரைச் சேர்ந்த அமரர் ஜெயசுதன் அவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டுள்ளோம். அவருடைய ஆத்மா சாந்தியடைந்துவிட்டது என்பதை இக்கவிதையின் மூன்றாம் பகுதி நிரூபிக்கிறது. அவருக்காக எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோம்."

முழுவதும் தமிழில்தான் சொன்னார். கதிரைகள் அரக்குகிற சத்தம் கேட்டது. பின்வரிசையிலிருந்து முன்வரிசைவரை மண்டபம் முழுவதும் எழுந்தது. யாழ்ப்பாணத்தில் இதற்கு யாருக்கும் பழக்கம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சின்னப் பிள்ளைகள்கூடக் கைகளைக் கீழே விட்டுத் தலையைக் குனிந்து நிற்கும்.

செபஸ்தியம்மா எழும்பவில்லை. கைப்பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தாள். செயற்கைக் காலை ஊன்றிப் பாதி எழுந்த அடைக்கலநாதன் பக்கத்தில் பார்த்தார். பார்த்துவிட்டு மெல்லத் திரும்ப இருந்துவிட்டார்.

மேடையில் இருந்து றொசாந்தி எல்லாவற்றையும் கண்டாள். அவளுடைய கதிரைக்கு இரண்டு பக்கத்திலும் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். மேலிடத்துப் பார்வையாளர் கைத்தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்தார். பணிப்பாளர் அவள் பக்கம் திரும்பி, கண்ணால் மெல்லக் காட்டினார். இன்னும் பட்டயம் அவள் கைக்கு வரவில்லை. பணிப்பாளரின் மேசையில் நாடா கட்டியபடி இருந்தது.

றொசாந்தி எழுந்து நின்றாள்.

அந்த நிமிடம் முடிந்து, பட்டயம் கைக்கு வந்து, படம் எடுத்து, வடையும் தேத்தண்ணியும் கொடுத்து முடியும்வரை செபஸ்தியம்மா அந்தக் கைப்பையைத் திறக்கவில்லை. யாரோ ஒரு பெண் வந்து அவள் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னாள். அவள் கையை உருவிக்கொண்டாள். பத்திரிகைக்காரர் ஒருவர் வந்திருந்தார். அவள் அவரிடம் போகவில்லை. தாயும் மகளும் படியிறங்கி, பலாலி வீதியைக் கடந்து, யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் ஏறி இருந்தார்கள். பயிலகத்து வாசலும் சந்தையும் பின்னால் போன பிறகுதான் தாய் வாயைத் திறந்தாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் றொசாந்திக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

"அந்த மனுசன் சொன்னதுக்கு நான் ஒண்டும் நினைக்கேல்லை. அவர் என்ரை பிள்ளையைக் கண்டவரே? எழும்பி நிண்ட சனத்திலை ஆர் அவனைக் கண்டது? அவை நிக்கட்டும். நீ அவனோடை ஒரு கோப்பையிலை சாப்பிட்டு வளந்தனீ. நீ ஏன் பிள்ளை எழும்பி நிண்டனீ?"

பஸ் யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை அவள் மகளின் முகத்தைப் பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தாள்.